நகை வேலை பழக வருகிறவர்களுக்கு: கருவியும் காவலும் ஒரே பையில்

மாதத்துக்கு ஒருவராவது போன் செய்து, “அக்கா, நகை செய்கிற செட் ஒன்று ஆர்டர் போட்டு வாங்கிவிட்டேன். எங்கே தொடங்கட்டும்?” என்று கேட்கிறார்கள். படம் அனுப்பச் சொல்லிப் பார்ப்பேன். ஐம்பது சாமான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் ஒரு வருஷம் கழித்தும் தேவைப்படாது. கட்டாயம் தேவைப்படுகிற குறடுகளோ உள்ளே பல் வெட்டியதாக இருக்கும். கண்ணுக்குப் போடும் கண்ணாடி மட்டும் எந்தப் பெட்டியிலும் இருந்ததில்லை.

நான் நாகர்கோவிலில் வெள்ளி வேலை செய்கிறேன். வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேருக்குச் சொல்லியும் தருகிறேன். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்று கேட்டுக்கொள்வேன். எந்த வேலையைப் பழகுகிறீர்களோ அதற்கான கருவியை மட்டும் வாங்குங்கள். அந்தக் கருவியால் என்ன காயம் வருமோ, அதைத் தடுக்கிற பொருளையும் அதே நாளில் அதே பையில் போட்டு வாருங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் கருவியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் போகின்றன: முதலில் தீயில்லாத வேலை, அப்புறம் தீ, அப்புறம் அமிலம், கடைசியில் மோட்டார்.

வாங்கும் முன்: என்ன செய்யப் போகிறீர்கள்?

நம்ம மாவட்டத்தில் நகை வேலை என்றதும் நாகர்கோவில் வடசேரிதான் நினைவுக்கு வரும். வெள்ளியில் கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கல் பதித்து, பொன் தகடு ஒட்டிச் செய்கிற கோவில் நகை. சாமிக்கென்று செய்தது, பிறகு பரதநாட்டியம் ஆடுகிறவர்களின் தலைக்கும் கழுத்துக்கும் வந்தது. நாகர்கோவில் கோவில் நகை என்ற பெயரில் 2007-08ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வருகிறவர்களில் பலருக்கு நேராக நெத்திச்சுட்டியும் ராக்கொடியும் செய்ய ஆசை. ஆசை நல்லதுதான். ஆனால் அந்த ஒரு நெத்திச்சுட்டிக்குள் கம்பி வேலை, அறுப்பு, அரம், பொடி வைத்து ஊதுவது (துண்டுகளைத் தீயில் பற்றவைப்பது), அரக்கு, கல் கட்டுவது எல்லாமே இருக்கிறது. அது கடைசிப் படி.

மணியும் கம்பியும் கோத்துத் தோடு, மாலை செய்தால் போதும் என்பவர்களுக்கு முதல் படியே போதும். கன்னியாகுமரிக் கடற்கரையில் விற்பது போலச் சிப்பி, சங்கில் செய்ய நினைப்பவர்களுக்கு முதல் இரண்டு படியும், கடைசியில் சொல்லும் தூசி விஷயமும் தேவை. ஒரு தாளில் நீங்கள் செய்ய நினைக்கும் மூன்று நகையின் பெயரை எழுதுங்கள். அந்த மூன்றுக்கும் தேவைப்படாத எதையும் இப்போது வாங்க வேண்டாம்.

பழகுவதற்குச் செம்புக் கம்பியும் செம்புத் தகடும் நல்லது. வெள்ளி போலவே வளையும், வீணானால் மனம் பதறாது. கடையில் ‘22 கேஜ்’ என்று மட்டும் கேட்காதீர்கள். நம்ம ஊர்க் கணக்கில் 22 என்றால் ஏறக்குறைய 0.71 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் அதே 22 என்பது 0.64. இணையத்தில் பார்த்துச் செய்கிறவர்களுக்கு வளையம் பொருந்தாமல் போவது இதனால்தான். மில்லிமீட்டரில் கேளுங்கள். மோட்டார் காயில் கட்டுகிற கம்பி பார்க்கச் செம்பு போலவே பளபளக்கும். அதன் மேல் எனாமல் பூச்சு உண்டு. வளைத்துப் பழகலாம், தீயில் மட்டும் காட்டக் கூடாது. பூச்சு எரிகிற புகை கெட்டது.

முதல் படி: கண்ணாடி, பிறகு குறடு

குறட்டுக்கு முன்னால் கண்ணாடி. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பழக ஆரம்பித்த வருஷம் ஒரு மில்லிமீட்டர் கம்பியின் நுனியை நறுக்கினேன். அரிசி அளவு கூட இல்லாத துண்டு, வலது கண்ணுக்குக் கீழே ஒரு விரல் தள்ளிக் குத்தி நின்றது. தழும்பு இப்போதும் இருக்கிறது. ஒரு விரல் மேலே பட்டிருந்தால் இந்த வேலையே எனக்கு இல்லை.

வாங்கும்போது பாலிகார்பனேட் கண்ணாடியா, பக்கவாட்டிலும் மறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்திலோ பெட்டியிலோ ஐஎஸ் 5983, இஎன் 166, இசட் 87 இவற்றில் ஒன்று அச்சிட்டிருக்க வேண்டும். பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்கள், அதன் மேலேயே மாட்டும் பெரிய வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண மூக்குக் கண்ணாடியும், பெரிதாகக் காட்டும் லென்சும் காவல் ஆகாது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடி மூடிக்கொண்டு பனிக்கும். பனிக்கிற கண்ணாடியை யாரும் பத்து நிமிஷத்துக்கு மேல் போட மாட்டார்கள். அதனால் காற்றுத் துளை உள்ளதை வாங்குங்கள். கடையிலேயே போட்டுக் குனிந்து பாருங்கள், நழுவக் கூடாது.

இனி குறடு. நாலு போதும்: வட்ட மூக்கு, ஒடுங்கிய மூக்கு, தட்டை மூக்கு, கம்பி நறுக்குவது ஒன்று. ஹார்டுவேர் கடையில் எலக்ட்ரீஷியனுக்கு விற்கும் குறட்டின் வாயில் பல் இருக்கும். அது கம்பியெல்லாம் கடித்த தடம் போட்டுவிடும். வாய் வழவழப்பாக இருக்க வேண்டும். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரண்டு தாடைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். மூட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அதுவும் வேண்டாம். கைப்பிடி உள்ளங்கைக்குள் முடிந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் அந்த இடம் கன்றிப்போகும், கொஞ்சம் நீளமாகவே பாருங்கள். நறுக்கும் குறட்டை மட்டும் சற்று விலை கூடியதாக வாங்குங்கள். செம்பு, வெள்ளி தவிர இரும்புக் கம்பி ஒன்றை ஒரு முறை நறுக்கினாலும் அதன் வாய் போய்விடும்.

நறுக்கும்போது கழிகிற நுனியை மற்ற கை விரலால் மூடிக்கொள்ளுங்கள், அல்லது குறட்டின் வாயைக் கீழே ஒரு டப்பாவுக்குள் திருப்பிக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டிருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை போட்டிருக்காது இல்லையா.

இவற்றோடு ஒரு இரும்பு ஸ்கேல், தடிமன் அளக்க ஒரு வெர்னியர், கோடு கீற ஒரு ஊசி முனை. சரி, முதல் பை முடிந்தது. இரண்டு மூன்று மாதம் இதிலேயே இருங்கள். ஒரே அளவில் இருபது வளையம் சுற்ற வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: ரம்பமும் அரமும்

எனக்குப் பிடித்த கருவி ரம்பம். வருகிறவர்கள் முதலில் வெறுப்பதும் இதைத்தான், பிளேடு ஒடிந்துகொண்டே இருக்கும் என்பதால். முதல் வாரத்தில் ஒரு டஜன் போகும், அதற்காக வருந்த வேண்டாம். பிளேடு டஜன் கணக்கில்தான் வரும், இரண்டு டஜனாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 0.7 மில்லிமீட்டர் தகட்டுக்கு 2/0, அரை மில்லிமீட்டர் தகட்டுக்கு 4/0. முன்னால் உள்ள எண் ஏற ஏற பிளேடு மெலியும். கணக்கு இதுதான்: தகட்டின் தடிமனுக்குள் எந்த நேரமும் இரண்டு மூன்று பல்லாவது இருக்க வேண்டும். பல் பெரிதாகவும் தகடு மெல்லியதாகவும் இருந்தால் பல் மாட்டிக்கொண்டு பட்டென்று ஒடியும்.

பல் வெளிப்பக்கமாகவும் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கியும் இருக்கும்படி மாட்டுங்கள். விரலால் தடவினால் தெரியும்: மேலிருந்து கீழே வழுக்கும், கீழிருந்து மேலே கடிக்கும். மேல் முனையை இறுக்கி, சட்டத்தை மேசை விளிம்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே கொஞ்சம் அமுக்கிக்கொண்டு கீழ் முனையை இறுக்கி, அமுக்கியதை விடுங்கள். பிளேடை நகத்தால் சுண்டினால் வீணைக் கம்பி போலச் சத்தம் வர வேண்டும். மந்தமாகக் கேட்டால் மறுபடி மாட்டுங்கள்.

எனக்கு வேலை சொல்லித்தந்த ஆசாரி மாமா, நான் வேகமாக இழுக்கிறபோதெல்லாம் “பைய அறு மக்களே, பிளேடுதான் அறுக்கும், நீ அறுக்காண்டாம்” என்பார். ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல், மேலும் கீழும் போக விடுங்கள். திருப்பத்தில் முன்னால் தள்ளாமல் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு தகட்டைத் திருப்புங்கள். தேன்மெழுகை அவ்வப்போது பிளேடில் தடவினால் ஓட்டம் இலகுவாகும்.

அறுப்பதற்கு மேசை விளிம்பில் ‘வி’ வடிவில் வெட்டிய ஒரு பலகை வேண்டும். அதை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மர வேலை நடக்கும் இடத்தில் அயனிப் பலகைத் துண்டு ஒன்று கேட்டு வெட்டி, கவ்வியால் மேசையோடு இறுக்கிக்கொள்ளுங்கள். தகட்டைப் பிடிக்கும் விரல்களை ‘வி’யின் இரண்டு பக்கமும் வையுங்கள், பிளேடு போகும் வழியில் ஒருபோதும் வைக்க வேண்டாம். பிளேடு ஒடிகிறபோது முன்னால் உள்ள விரல்தான் முதலில் மாட்டும். ஆட்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் சுற்றிக்கொள்ளத் துணி டேப் ஒரு சுருள், இதுதான் ரம்பத்தோடு வாங்க வேண்டிய காவல்.

அரத்துக்கு வந்தால், ஆறு அங்குல அரைவட்டம் ஒன்று, ஊசி அரம் ஒரு செட். வாலுக்குக் கைப்பிடி போடாத அரத்தைத் தொடவே தொடாதீர்கள். அரம் எங்காவது தட்டி நின்றால் அந்தக் கூரான வால் நேரே உள்ளங்கையில் இறங்கும். முன்னால் தள்ளும்போது மட்டும் அரம் வெட்டும். பின்னால் வரும்போது தூக்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கு வைத்திருக்கும் அரத்தால் ஈயத்தையோ அலுமினியத்தையோ ராவ வேண்டாம். பல்லில் ஒட்டிய ஈயத் துகள் வெள்ளியில் சேர்ந்து, தீயில் காட்டும்போது குழி குழியாகத் தின்றுவிடும்.

சுத்தியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகம் வழவழப்பான ஒன்றும், தகடு நசுங்காமல் தட்ட நைலான் சுத்தியல் ஒன்றும் போதும். அடிக்கச் சின்ன இரும்புப் பட்டடை. அதற்கு அடியில் இறைச்சிக் கடையில் பார்ப்போமே, அந்த மாதிரிப் புளியங்கட்டைத் துண்டு வைத்தால் அதிராது. தொடர்ந்து தட்டுகிற நாளில் காதுக்கு அடைப்பான் போடுங்கள்.

மூன்றாம் படி: தீ

இதில் நிதானமாக நில்லுங்கள். பொடி வைத்து ஊதுவதற்கு முன் வாங்க வேண்டியது டார்ச் இல்லை. முதலில் இடம் பாருங்கள்.

சமையலறை வேண்டாம். அடைத்த அறை வேண்டவே வேண்டாம். நம்ம மாவட்டத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனி, ஆடியில் தீ நாக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்க்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வேலை செய்யும் இடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் தகரத் தடுப்பு வைத்து, ஜன்னலைத் திறந்தே வையுங்கள். புகையை முகத்திலிருந்து வெளியே இழுக்கும்படி ஒரு எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் நல்லது. மேசை விசிறியை முகத்துக்கு நேரே வைத்தால் புகை எதிரே போய் மோதித் திரும்பி மூக்குக்கே வரும்.

மேசை மேல் சூடு தாங்கும் தீச்செங்கல் (ஃபயர் பிரிக்) இரண்டு பரப்பி, அதன் மேல் வேலையை வையுங்கள். சாதாரணச் செங்கல், கருங்கல், சிமெண்டுத் தரை இவற்றில் மழை ஈரம் ஊறியிருந்தால் சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும். பழைய பட்டறைகளில் சிரட்டைக் கரி போட்டுச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கரி நல்ல சூடு தரும், ஆனால் அடைத்த இடத்தில் கரித் தீ கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடை விடும். திறந்த இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆசாரி மாமா ஊதுகுழலில் வாயால் ஊதித்தான் வேலை பார்த்தார். அந்தக் கலை அழகானது. புதிதாக வருகிறவர்கள் அதில் தொடங்க வேண்டாம், கையில் பிடிக்கும் சின்ன பியூட்டேன் டார்ச் போதும். மோதிரம், தோடு, ஜிமிக்கி அளவுக்கு அது தாங்கும். வளையல் அளவு வெள்ளிக்குப் போதாது, ஏனென்றால் வெள்ளி சூட்டை வேகமாகப் பரப்பிவிடும். வாங்கும்போது கையை எடுத்தால் அணைகிறதா, மேசையில் வைத்தால் சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கேஸை வெளியில், தீ இல்லாத இடத்தில், டார்ச் ஆறிய பிறகு நிரப்புங்கள். பியூட்டேனும் சமையல் கேஸும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் ஜன்னல் வழியாகப் போகாது, தரையில் தேங்கும்.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் நைட்டி உருகித் தோலில் ஒட்டும். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், முந்தானையைச் சொருகுங்கள், முடியை அள்ளிக் கட்டுங்கள். காலை மூடிய செருப்பு போடுங்கள். தீயின் அருகில் ரப்பர், நைட்ரைல் கையுறை கூடாது. பிடிப்பதற்குக் கையுறையை நம்பாமல் நீள இடுக்கியை நம்புங்கள். சுட்ட வெள்ளியும் ஆறிய வெள்ளியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்ட பிறகே கையால் தொடுங்கள்.

தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. சாமான் நழுவினால் நம்மை அறியாமல் தொடையைச் சேர்த்துப் பிடிப்போம். விழட்டும் என்று விட்டுவிடப் பழகுங்கள். ஆறின துண்டுகளைப் போட்டுப் போட்டு இதைப் பழக வைக்கிறேன்.

பொடி, அதாவது பற்று, வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி: கேட்மியம் இருக்கிறதா? கேடிஎம் என்று கேட்டிருப்பீர்கள், அது கேட்மியம் கலந்த பற்றைத்தான் சொல்கிறது. கேட்மியம் 767 டிகிரியில் ஆவியாகிவிடும். நாம் வெள்ளிக்குப் பொடி உருக்குகிற சூடும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் போல வரும், நெஞ்சு இறுகும், நுரையீரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நீண்ட நாள் சுவாசித்தால் புற்றுநோய் வரலாம். துணி முகமூடி இதைத் தடுக்காது. கடைக்காரர் உறுதியாகச் சொல்லாவிட்டால், பொட்டலத்தில் எழுதியிருக்காவிட்டால், வாங்காமல் திரும்புங்கள். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ஈயப் பற்றும் நகைக்கு ஆகாது.

பற்றவைக்கும் இடத்தில் தடவுகிற வெண்காரம் (போராக்ஸ்) நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். கோட்டாற்றில் கேட்டால் அலைய வேண்டியதில்லை. கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, தூரிகையால் தொட்டு வைத்தால் போதும்.

தீயோடு சேர்த்து வாங்க வேண்டியவை: ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், முடிந்தால் சின்ன ஏபிசி தீயணைப்பான். முதுகுக்குப் பின்னால் கதவு இருக்கும்படி உட்காருங்கள்.

அமிலம்: முடிந்தவரை வேண்டாம்

சூடு காட்டிய வெள்ளி கறுத்திருக்கும். அதை வெளுக்கப் பட்டறைகளில் கந்தக அமிலம் வைத்திருப்பார்கள். வீட்டில் பழகுகிறவருக்கு அது தேவையே இல்லை. நம்ம பாட்டிமார் புளியில் பித்தளை விளக்கியவர்கள். புளித் தண்ணீரும், சூடான படிக்காரத் தண்ணீரும் வெள்ளியை வெளுக்கும். கொஞ்சம் வேகமாக வேண்டுமென்றால் ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று தனிப் பாத்திரம், அது அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. சாமானை ஆறவைத்துப் போடுங்கள், செக்கச் சிவந்ததை அப்படியே போட்டால் தெறிக்கும். இரும்பு இடுக்கியை உள்ளே விட்டால் வெள்ளி மேல் செம்பு படியும். மூங்கில் குச்சி நல்லது. இதற்கு நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

பழைய கரைசல் பச்சையோ நீலமோ ஆகியிருந்தால் அதில் செம்பு இருக்கிறது. குளத்திலோ கிணற்றடியிலோ தென்னை மூட்டிலோ ஊற்றாதீர்கள். ஆப்பச்சோடா போட்டு நுரை அடங்கியபின் மூடி வைத்து, வேதிக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

என்றாவது ஒருநாள் கந்தக அமிலம் கையாள நேர்ந்தால், தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

முலாம் பூசும் வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம். பொன் முலாம் கரைசல்கள் பலவற்றில் சயனைடு இருக்கிறது. அதில் கொஞ்சம் அமிலம் பட்டாலும் கொல்லும் வாயு வரும். முலாம் பூசுகிறவர்களிடம் கொடுத்து வாங்குங்கள்.

மோட்டார், கடைசியில்

பளபளப்புக்கு முதல் வருஷம் உப்புத்தாள் போதும். 400, 600, 1000 என்று வரிசையாகத் தேய்த்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மெல்லிய பித்தளைத் தூரிகையால் கழுவினால் கண்ணைப் பறிக்கும். பாலிஷ் மோட்டார் வாங்கும் நாள் வந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: சுழலும் கருவியில் கையுறை போடக் கூடாது. நூல் மாட்டினால் விரலோடு இழுத்துக்கொள்ளும். சங்கிலியை மோட்டாரில் பிடிக்கவே கூடாது.

தூசிக்கு என்95, அல்லது ஐஎஸ் 9473 முத்திரை உள்ள எஃப்எஃப்பி2 முகமூடி. அது தூசிக்குத்தான், அமில ஆவிக்கு உதவாது. சிப்பி, சங்கு அறுப்பவர்கள் முகமூடியோடு தண்ணீரும் வையுங்கள். நனைத்துக்கொண்டே துளை போட்டால் மாவு பறக்காது. பவளப்பாறைத் துண்டையும் நாட்டிலஸ் போன்ற சில ஓடுகளையும் கரையில் கண்டாலும் எடுக்காதீர்கள், 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

காயம் பட்டால்

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீர், 20 நிமிஷம். மோதிரம், வளையலை வீங்கும் முன் கழற்றுங்கள். இங்க், பற்பசை, தேங்காயெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கண்ணில் கரைசல் பட்டால் பட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, 20 நிமிஷம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள். உலோகத் துண்டு கண்ணில் விழுந்தால் தேய்க்காமல், தோண்டாமல், கண்ணை மூடியபடி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்துக் கண் மருத்துவமனைக்கோ போங்கள். 108 என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தீ வேலை செய்யும்போது வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும்.

கருவியைக் காப்பது

இரண்டு பருவமழையும் உப்புக் காற்றும் உள்ள ஊர் நம்மது. மழைக்காலத்தில் ஒரு வாரம் தொடாமல் விட்டால் குறட்டு மூட்டில் செம்மண் நிறத்தில் துரு பூத்துவிடும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கைக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசின் போல இறுகும். அரங்களை ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள். ரம்பத்தின் பிளேடுகளைக் காகிதத்தில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில், அரிசி ஒரு பிடி போட்டு வையுங்கள். கண்ணாடியை அதே டப்பாவின் மேல் வைத்தால், பிளேடு எடுக்கப் போகும் கை முதலில் அதைத்தான் எடுக்கும்.